அவர் வாயில் மிஞ்சிய வாக்கியங்கள்

என் வீட்டுக்காரருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டபோது தமிழ் போய்விட்டது, தெலுங்கு போய்விட்டது. இங்கிலீஷ் மட்டும் நின்றது. அதுவும் பேச்சு இங்கிலீஷ் இல்லை, பாடப்புத்தக இங்கிலீஷ். முப்பது வருஷத்துக்கு மேல் ஹைஸ்கூலில் அதைச் சொல்லிக்கொடுத்தவர். எனக்கு அந்தப் பாஷையில் ஒரு எழுத்தும் தெரியாது. இத்தனை காலம் குடித்தனம் பண்ணிய பிறகு, கடைசியில் எனக்குத் தெரியாத பாஷையில்தான் என்னோடு இருப்பார் என்று தலையில் எழுதியிருந்தது.

நான் நகரிப் பக்கத்துப் பெண். அங்கே தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் போனேன். தமிழ் எழுத்தை இங்கே வாழ வந்த பிறகு பஸ் போர்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கனகம்மாசத்திரம் என்பதை நான் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிப் போயிருக்கும். இதையும் அப்படித்தான் கூட்டிக் கூட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை. அவசரப்பட்டு நடக்க வேண்டியது எதுவும் இனி இந்த வீட்டில் இல்லை.

ஆனாலும் ஊரில் எனக்குப் பெயர் வாத்தியாரம்மா. கையெழுத்துப் போடவே நாக்கைக் கடித்துக்கொள்கிறவளுக்கு அந்தப் பட்டம். நான் அதை ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. அதற்குத் தக்கபடி இருந்தேன். கசங்கிய புடவையோடு தெருவில் கால் வைத்ததில்லை. அடுத்த வீட்டில் போய்ச் சர்க்கரை கேட்டதில்லை. யாராவது என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லும்படி நின்றதில்லை.

புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் எல்லா ஊரிலும் உண்டு. என் பாடு கொஞ்சம் கூடுதல். இவருடைய பெயரும் மலைமேல் இருக்கிறவர் பெயரும் ஒன்று. திருத்தணியில் இருந்துகொண்டு அந்தப் பெயரைச் சொல்லாமல் எப்படிக் காலம் தள்ளுவது? பூக்கடைக்கு அந்தப் பெயர், ஓட்டலுக்கு அந்தப் பெயர், பால்காரருக்கும் அந்தப் பெயர். நான் மலைக்காரர் பூக்கடை, மலைக்காரர் ஓட்டல் என்பேன். கோயிலில் குருக்கள் யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டால், "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்பேன். பக்கத்தில் நிற்கிறவர்கள், தனக்கென்று ஒன்றும் கேட்காத பொம்பளை என்று என்னைப் பார்ப்பார்கள். என் மனசுக்குள் அது இவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கிருத்திகைக் கூட்டத்தில் முன்னால் போகிறவன் சாமி பெயரைச் சொல்லிக் கத்துவான், பின்னால் வருகிறவர்கள் அரோகரா என்பார்கள். நான் எப்போதும் பின்னால் வருகிறவள்.

கல்யாணம் ஆன புதிதில் ஓட்டர் லிஸ்ட் எழுத ஒரு அதிகாரி வந்தார். வீட்டுக்காரர் பெயர் என்ன என்றார். மலையைக் கைகாட்டினேன். "மலைக்குப் போயிருக்காரா? எப்ப வருவாரு?" என்றார். அசலூர்க்காரர். நான் திரும்பவும் மலையைக் காட்டினேன். அவர் கோயில் மணி அடிக்கிறவரைக்கும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்கூல் விட்டு வந்து இதைக் கேட்ட இவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான். சாமி கோபம் தணிந்து வந்து உட்கார்ந்த மலை என்பார்கள். அந்தக் கோபம் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவரும் என் பெயரைச் சொன்னதில்லை. "ஏமே" என்பார். எங்கள் பக்கத்துத் தெலுங்கில் பெண்டாட்டியைக் கூப்பிடுவது அப்படித்தான். காபிக்கு ஒரு ஏமே, கண்ணாடி காணாவிட்டால் ஒரு ஏமே, கோபத்துக்கு ஒன்று. எந்த ஏமே எதற்கு என்று அடுப்படியில் இருந்தே எனக்குத் தெரியும்.

அன்றைக்குக் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏமே என்று கூப்பிட்டார். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "வரேன்" என்றேன். தணலைக் குறைத்துவிட்டு வந்து பார்த்தால் பேப்பர் தரையில் கிடந்தது, வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அந்த ஏமே எதற்கு என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. காபிக்கான குரல் இல்லை. கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. உடம்பு என்னவோ செய்கிறது என்று சொல்லக் கூப்பிட்டாரா, பேப்பரில் ஏதாவது பார்த்தாரா? அதுதான் கடைசி ஏமே. இன்னும் ஒரு தரம் கூப்பிட்டால் போதும், எதற்கென்று கண்டுபிடித்துவிடுவேன் என்று இருந்தேன். நான் கேட்டது அவ்வளவுதான். எழுந்து நடக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகு வெகுநாள் பேச்சே இல்லை. ஒருநாள் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கரண்டியைத் தள்ளிவிட்டு, "த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்" என்றார். வகுப்பில் பேசும் கணீர்க் குரல். பிறகு என்னைப் பார்த்து, "வாட் ஈஸ் யுவர் நேம்?" பிறகு, "ஓபன் த விண்டோ." பிறகு, ஏதோ அதிசயத்தைக் கண்டவர் மாதிரி, "ஹவ் பியூட்டிஃபுல் த ரோஸ் ஈஸ்!" முடித்துவிட்டு வாயைத் திறந்தார். மீதிக் கஞ்சியைக் குடித்தார்.

நான் பெங்களூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டேன்.

"நைனா பேசிட்டாருடா."

"இன்னாம்மா சொன்னாரு? என்னைக் கேட்டாரா?"

"இங்கிலீஷ்ல இல்ல பேசினாரு. எனக்கு இன்னா தெரியும்? நல்லா நீளமா பேசினாரு."

தெருவுக்கும் சொன்னேன். விசாரிக்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன். எதிர் வீட்டுக்காரி, "இங்கிலீஷாமே. உனக்குப் புரியுதாக்கா?" என்று கேட்டாள். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "புருஷன் பேசறது புரியறதுக்குப் பாஷை எதுக்கு? நீயும் உன் வீட்டுக்காரரும் தமிழ்லதானே பேசிக்கிறீங்க, தெரு முழுக்கக் கேக்குது" என்றேன். அவள் காபியை முடிக்காமல் எழுந்து போனாள்.

புரியவில்லை என்பது எனக்கல்லவா தெரியும்.

எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிற ஆட்டோக்காரர் கே.ஜி.கண்டிகைக்காரர். இவரிடம் படித்தவர்தான். அவருக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. இவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது இன்றைக்கும், "சார், தப்பா பிடிச்சிருந்தா மன்னிச்சிக்கோங்க சார்" என்று கேட்டுக்கொள்வார். ஒரு தடவை அரக்கோணம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது இவர் நான்கையும் வரிசையாகச் சொன்னார். ஆட்டோ ஓரம் கட்டி நின்றுவிட்டது.

"யம்மா! இது எட்டாங்கிளாஸ்மா."

"எட்டாங்கிளாஸ்னா?"

"நாலு வகை வாக்கியம். சார் உள்ள வருவாரு, பிரம்ப மேஜை மேல வைப்பாரு, இதுதான் ஆரம்பிப்பாரு. மொத பெஞ்சு சொல்றது. ரெண்டாம் பெஞ்சு கேக்கறது. மூணாம் பெஞ்சு ஏவறது. கடைசி பெஞ்சு வாயப் பொளக்கறது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு எக்ஸாம்பிள். நானு கடைசி பெஞ்சு. அன்னிலேருந்து வாயப் பொளந்துகினுதான் கீறேன்."

அவர்தான் அர்த்தம் சொன்னார். சூரியன் கிழக்கே உதிக்கிறது. ஜன்னலைத் திற. ரோஜாப்பூ எவ்வளவு அழகு. நான் இரண்டாவதைக் கேட்டேன்.

"அதுவா? உம் பேரு இன்னான்னு கேக்கறது."

எனக்குச் சுருக்கென்றது. ஒரே வீட்டில் தலை நரைத்தவளை உன் பெயர் என்ன என்று கேட்கிறாரா? முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும்.

"அது கேள்வி இல்லம்மா. கேள்வின்னா இப்டி இருக்கும்னு காட்றதுக்கு ஒரு கேள்வி. எங்க பேரெல்லாம் சாருக்குத் தெரியும், ஆனாலும் தினம் கேப்பாரு. ஒருநாள் தெரியாம எழுந்து எம்பேரச் சொல்லிட்டேன். 'உன் பேரையாடா கேட்டேன்?'னு உட்டாரு பாரு ஒண்ணு. இன்னிக்கும் மழைக்காலத்துல தோளு வலிக்குது."

பின்னால் இவர், "த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்" என்றார்.

"ஆங் சார்" என்று ஆட்டோவைக் கிளப்பினார் மாணவர்.

அன்று முதல் நான் காது வைக்க ஆரம்பித்தேன். பாடம் என்றால் அதற்கு வரிசை உண்டு. சொல்வது, கேட்பது, ஏவுவது, வாய் பிளப்பது. அந்த வரிசையில் வந்தால் அது வகுப்பு. வரிசை தப்பி ஒன்று தனியாக வந்தால்? அது அவரே சொல்வதாக இருக்கும் அல்லவா? இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாக யோசித்து வைத்தது. காலையில் பல் தேய்த்துவிடும்போது எந்த இடத்தில் நிறுத்தினார் என்று நினைவில் வைத்துக்கொள்வேன். மத்தியானம் அதற்கு அடுத்ததில் இருந்துதான் தொடங்குவார். நடுவில் தூங்கினாலும் தப்பாது. கல்தூண் மாதிரி நின்றது அந்த வரிசை. தப்பு வரவேண்டும், தப்பு வரவேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தப்புச் சொன்னால் பிரம்பை எடுக்கிறவர் அவர். அவர் ஒரு தப்புச் சொல்லட்டும் என்று நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

ஒருநாள் வந்தது. வாணலியில் மிளகாய் கருகிவிட்டது. வீடெல்லாம் நெடி. எனக்கே மூச்சு முட்டியது. கட்டிலில் அவர் இருமினார். இருமலுக்கு நடுவில், "ஓபன் த விண்டோ" என்றார்.

நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். காலையில் மூன்றாவது முடிந்திருந்தது. அடுத்து ரோஜாப்பூ வரவேண்டிய இடம். ரோஜாப்பூ வரவில்லை. ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. நெடியாலா, வேறு எதனாலா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆட்டோக்காரரிடம் சொன்னேன். அவரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"மூணாவதுக்கப்புறம் மூணாவதா? சார் அப்டி சொல்ல மாட்டாரேம்மா."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அப்ப அது பாடமில்ல. உங்களத்தான் தெறக்கச் சொல்லிக்கீறாரு."

அன்றைக்கு அவர் ரோட்டோரம் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். நான் வெளியில் டீ குடிக்கிறவள் இல்லை. அன்றைக்குக் குடித்தேன்.

மறுநாள் நானே வாணலியில் மிளகாயைப் போட்டுக் கருக விட்டேன். வேண்டுமென்றேதான். கதவு ஜன்னலெல்லாம் சாத்தி வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கட்டிலுக்கு எதிரே நின்றேன். அவர் இருமினார். இருமி இருமி முகம் சிவந்தது. சொல்லுங்க, சொல்லுங்க என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் புகைக்குள், முகமெல்லாம் வியப்பாக, "ஹவ் பியூட்டிஃபுல் த ரோஸ் ஈஸ்!" என்றார்.

ஜன்னலைத் திறந்துவிட்டேன். யாரும் சொல்லித் திறக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஆஸ்பத்திரியில் ஒருத்தி இருந்தாள். மெட்ராஸ் பெண். நல்ல பொறுமை. படங்களைக் காட்டி, பசு, செருப்பு, குடை என்று கேட்பாள். இவர் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பார். அவள் சிரிக்காமல் அடுத்த படத்தை எடுப்பாள். ஒருநாள் என்னை அவருக்கு எதிரே உட்கார வைத்தாள்.

"சார், இவங்க யாரு? இவங்க பேர் சொல்லுங்க பார்ப்போம்."

இவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

"தெரிஞ்சவங்கதானே சார்? பேர் என்ன?"

அவள் பலவிதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அம்மா, மனசைத் தேத்திக்கோங்க. அவருக்கு உங்களை அடையாளம் தெரியலன்னுதான் தோணுது" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "ஏம்மா, கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லாத பேரை, இன்னிக்கி நீ கேட்டேன்னு சொல்லிடுவாரா? நல்லா இருந்த காலத்துல வந்து கேட்டிருந்தாலும் இப்பிடித்தான் சுவத்தைப் பாத்திருப்பாரு."

அவளுக்குப் புரியவில்லை. கூட வந்திருந்த ஆட்டோக்காரர் எடுத்துச் சொன்னார். கேட்டுவிட்டு, "சரி, அப்ப நீங்க அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பழகின குரல்ல சொந்தப் பேரைக் கேட்டா சில பேருக்கு ஏதாவது அசையும்" என்றாள்.

"நான் கூப்பிட மாட்டேன்."

"சாமி பேர்தானேம்மா அது? சாமியைக்கூடக் கூப்பிட மாட்டீங்களா?"

"சாமியையும் கூப்பிட்டதில்ல" என்றேன்.

அவள் ஆட்டோக்காரரைப் பார்த்தாள். அவர், "நெசம்தான் மேடம். இவங்க எங்க ஊரு ஓட்டலுக்கே வேற பேரு வச்சிருக்காங்க" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவருக்கு என்னைத் தெரிகிறதா என்று கண்டுபிடிக்க உலகத்தில் ஒரே வழி, பெயரைக் கேட்பது. அந்த வழியை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மூடி வைத்திருந்தோம். தெரியாமல் பேசாமல் இருந்தாரா, தெரிந்தும் வழக்கத்தை விடாமல் பேசாமல் இருந்தாரா? அந்தப் பெண்ணால் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. இரண்டுக்கும் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதற்குப் பிறகு வாக்கியங்கள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. முதலில் ரோஜாப்பூ போயிற்று. மூன்றாவதுக்குப் பிறகு வாயைத் திறந்து அந்த வியப்பு முகத்தை மட்டும் வைத்துக்கொள்வார், சத்தம் வராது. சில நாளில் அந்த முகமும் வரவில்லை. பிறகு ஜன்னல். பிறகு சூரியன். சூரியன் போன பிறகு வரிசை என்று ஒன்று இல்லை. வரிசை இல்லாத இடத்தில் எதைத் தப்பு என்று சொல்வது? நான் காது வைப்பதை விட்டேன். வெயில் காலம் முழுக்க, "வாட் ஈஸ் யுவர் நேம்?" ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. கஞ்சிக்கு அது, குளிக்க அது, வலிக்கும் அது.

அதற்கு நான் பதில் சொல்லிப் பார்த்தேன். என் பெயரைச் சொல்வதற்குத் தடை ஒன்றும் இல்லையே. சொன்னேன். கேட்டுக்கொண்டார். திரும்பக் கேட்டார். ஒரு சமயம், "உன் பேரையாடா கேட்டேன்" என்று ஒரு அறை விட்டாலும் வாங்கிக்கொள்வேன் என்று தோன்றியது. கை வரவில்லை. பிறகு வாட் என்பது மட்டும் நின்றது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

மகன் வந்து பார்த்தான். "அம்மா, ரெண்டு பேரும் எங்கூட வந்துடுங்க" என்றான். "உங்க நைனா இந்த ஊட்ல கூப்பிட்டாரு. இங்கதான் நான் பதில் சொல்லணும்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. விளக்கவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனியில் ஒரு மத்தியானம். தெரு அடங்கிக் கிடந்தது. அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவரைக் கோபப்படுத்தினால் என்ன என்று தோன்றியது. இந்த மனுஷரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், பெண்டாட்டி கூப்பிட்டாள் என்று தெரிந்தால், செத்துக் கிடந்தாலும் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் என்னைத் தெரிகிறது என்று அர்த்தம். கன்னத்தில் அடிக்கட்டும், முறைக்கட்டும், இருக்கிற ஒரு கையால் டம்ளரை எறியட்டும்.

எழுந்து வாசல் கதவைத் தாழ் போட்டேன். எதிர் வீட்டுக்காரி காதில் விழக்கூடாது. கையைக் கழுவினேன். அவர் முன்னால் போய் நின்றேன். பிறகு சொன்னேன்.

என் வாயில் அது எப்படி ஒலிக்கும் என்று எனக்கே அதுவரைக்கும் தெரியாது. புதுப் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

அவர் நிமிர்ந்தார். முதுகு நேரானது. இடது கையை மேலே தூக்கினார். "எஸ் சார்" என்றார்.

மெல்லிய குரல். வாத்தியார் குரல் இல்லை, பையன் குரல்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று தெரியாது. வெங்காயக் கை என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் கோபப்படவில்லை. ஆனால் பேசினார். எல்லாம் போன பிறகு, என் குரலுக்கு நிமிர்ந்து பதில் சொன்னார்.

ஆட்டோக்காரரிடம் அதைச் சொன்னபோது முதலில் சிரித்தார். "அட்டெண்டன்ஸும்மா! சார் பையனாயிட்டாரு. இனிமே நீங்கதான் சாரு." அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கழுத்துத் துண்டால் ஆட்டோ கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் அந்தச் சில வாரம் எனக்கு நன்றாக இருந்தது. ஒளிப்பானேன்? தினமும் மத்தியானம் கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கூப்பிடுவேன். கை தூக்குவார். எஸ் சார் என்பார். ஏமே இல்லாவிட்டால் போகட்டும். நான் கூப்பிட்டால் வருகிறார், என் குரல் அவருக்கு எட்டுகிறது என்று இருந்தேன். அந்த மெட்ராஸ் பெண்ணிடம் போய்ச் சொல்ல வேண்டும், பார்த்தாயா, அடையாளம் தெரியவில்லை என்றாயே என்று கேட்க வேண்டும் என்று வார்த்தையெல்லாம் கூட்டி வைத்திருந்தேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. எங்கள் தெரு பொய்கைக்குப் போகிற வழி. விடிந்ததில் இருந்து காவடிகள். ஆந்திராப் பக்கத்தில் இருந்து லாரி லாரியாக வந்து இறங்குகிறார்கள். பூக்காவடி, மயில் காவடி, மஞ்சள் துணி, பம்பைச் சத்தம். அவர் பார்க்கட்டும் என்று நாற்காலியை வாசலில் போட்டு, வெள்ளைச் சட்டை மாட்டி, தலை வாரி உட்கார வைத்தேன். நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் கூட்டம் வந்தது. முன்னால் வந்தவன் கழுத்து நரம்பு புடைக்க அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

அவர் முதுகு நேரானது. கை மேலே போனது. "எஸ் சார்."

எனக்கு முதலில் உறைக்கவில்லை. அடுத்த கூட்டம். அடுத்த கத்தல். கை மேலே போனது. "எஸ் சார்." ஒரு சின்னக் குழந்தை அப்பன் தோளில் உட்கார்ந்துகொண்டு மழலையில் அந்தப் பெயரைச் சொன்னது. அதற்கும் கை போனது. மலைமேல் இருந்து மைக்கில் ஒருவர் சொன்னார். அதற்கும் போனது. ஊர் முழுக்க அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. யார் கூப்பிட்டாலும் அவர் வகுப்பில் இருந்தார்.

போகிறவர்கள் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். "பாரு, இந்த நெலமையிலயும் சாமிக்குக் கை தூக்கறாரு பெரியவரு" என்றாள் ஒருத்தி. ஒருவர் காவடியை இறக்கி வைத்துவிட்டு வந்து அவர் நெற்றியில் விபூதி பூசினார். "கொடுத்து வச்சவங்கம்மா நீங்க" என்றார் என்னைப் பார்த்து. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். தெருவில் வைத்து அழுகிறவள் இல்லை நான்.

எதிர் வீட்டுக்காரி மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டேன். அவருக்கு வாயில் ஊற்றினேன். பாதி உள்ளே போனது, பாதி சட்டையில் வழிந்தது.

உள்ளே தூக்கிப் போய்விடலாமா என்று பார்த்தேன். தூக்க ஆள் வேண்டும், ஆட்டோக்காரர் கூட்டத்தைக் கடந்து வர முடியாது. சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம். கை தூக்கித் தூக்கி அவருக்குத் தோள் வலித்திருக்கும். நான் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கத்தலுக்கும் அது என் விரலுக்குள் துள்ளியது.

கடைசியில் வந்தது ஒரு சின்னக் கூட்டம். பம்பை இல்லை, வெறும் நடைதான். முன்னால் வந்தவன் குரல் கம்மிப் போயிருந்தது. அவன் அந்தப் பெயரைச் சொன்னான். பக்கத்தில் இவர், "எஸ் சார்" என்றார்.

நான் எப்போதும்போலப் பின்பாதியை மட்டும் சொன்னேன். அரோகரா.